17 ஆசனத்திலிருந்து 140: தோற்றுப்போன ஒரு பழமைவாதக் கட்சி எழும்பிய விதம்

2024 நவம்பர் 15 விடியக்காலை யாழ்ப்பாண மாவட்டத் தேர்தல் முடிவு வந்தபோது, எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பேப்பர் பார்க்க வந்தவர்கள் கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. தேசிய மக்கள் சக்திக்கு மூன்று ஆசனம். தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று, ஒரு சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி இந்த மாவட்டத்தில் முதலாவதாக வந்தது அதுதான் முதல் தடவை. 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணிக்காகச் சைக்கிளில் நோட்டீஸ் கொண்டு திரிந்த காலத்திலிருந்து தேர்தல் வேலை செய்கிற ஒரு ஐயா, கடைசியில் வாயைத் திறந்து "சனம் கெட்டுப்போச்சு தம்பி" என்றார். அவர்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சொல்லை ஏற்க முடியவில்லை. அன்றைக்கு அவருக்குச் சொல்ல நினைத்து, சரியாகச் சொல்ல வராமல் போனதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நான் என்னைப் பழமை பேணுகிறவன் என்றுதான் சொல்லுவேன். காணி, கோயில், மொழி, குடும்பம், சொந்த உழைப்பு, இவற்றை ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையிடம் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று நம்புகிற ஆள். அப்படிப்பட்டவர்களின் அரசியல் தோற்றால் எப்படித் திரும்ப எழும்புவது என்பதற்கு இந்தத் தீவிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1970 இல் 17 ஆசனத்தோடு விழுந்து, 1977 இல் 140 ஆசனத்தோடு எழும்பிய ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.). அந்தப் பெயரைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு 1981 இல் எரிந்த நூலகமும் 1983 யூலையும்தான் முதலில் ஞாபகம் வரும், எனக்கும் அப்படித்தான். அவர்களைப் புகழ்வதற்காக இதை எடுக்கவில்லை. எப்படி வென்றார்கள், வென்ற பிறகு எதைக் கைவிட்டார்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் எடுத்தேன்.

1970: வாக்கு இருந்தது, ஆசனம் இல்லை

1970 மே 27 தேர்தலில் ஐ.தே.க. பெற்றது கிட்டத்தட்ட 38 வீதம். சுதந்திரக் கட்சி பெற்றது சுமார் 37 வீதம். அதாவது தனிக் கட்சியாக நாட்டிலேயே கூடிய வாக்கு எடுத்தது தோற்ற கட்சிதான். ஆனால் ஆசனம் 17க்கு 91. சமசமாஜக் கட்சியின் 19, கம்யூனிஸ்ட் கட்சியின் 6 எல்லாம் சேர்த்தால் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணிக்கு 151 இல் 116. காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மூன்று கட்சிகளும் தொகுதிகளைப் பங்குபோட்டு, ஒருத்தருக்கு எதிராக ஒருத்தர் நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். தொகுதியில் முதலாவதாக வந்தவர் வெல்லுகிற அந்தக் காலத்து முறையில், எதிர் வாக்கு உடையாமல் ஒரே பெட்டிக்குள் விழுந்தால் 38 வீதம் வைத்திருந்தும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அதோடு அரிசி. ஐ.தே.க.வின் டட்லி சேனநாயக்க அரசு 1966 இல் பங்கீட்டில் கொடுத்த கூப்பன் அரிசியை இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைத்து, அந்த ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. எதிர்த்தரப்பு வெட்டின மற்றக் கொத்தைத் திரும்பத் தருவோம் என்றது. இலவசம் என்பதைவிட, குறைந்த கொத்துத்தான் சனத்தின் மனதில் நின்றது.

தோற்ற பிறகு கட்சிக்குள் நடந்தது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த காட்சி. டட்லி ஒரு பக்கம், ஜே.ஆர். ஜயவர்த்தன மறுபக்கம். அரசாங்கத்தோடு ஒத்துப்போகலாமா கூடாதா என்பதில் தொடங்கிய பிணக்கு, ஜே.ஆரைக் கட்சியை விட்டே விலக்குகிற அளவுக்குப் போனது. பிரேமதாச தன்பாட்டுக்குப் பிரசைகள் முன்னணி என்று கூட்டம் வைத்தார். மூன்று வருடம் இப்படியே கழிந்தது. 1973 ஏப்ரல் 13 இல் டட்லி காலமான பிறகுதான் தலைமை ஒருவர் கைக்கு வந்தது.

ஜே.ஆர். என்ன செய்தார்

கொள்கையில் பெரிய மாற்றம் ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். தனியார் முயற்சி, மேற்கு நாடுகளோடு நட்பு, சொத்துரிமை, பௌத்த ஒழுக்கம் என்று அந்தக் கட்சி 1946 இல் தொடங்கியபோது எதைச் சொன்னதோ அதையேதான் 1977 இலும் சொன்னது. "தார்மிக சமுதாயம்" என்ற ஒரு பெயரின் கீழ் எல்லாவற்றையும் கொண்டுவந்தார், அவ்வளவுதான். மாறியது கட்சியின் வாசல்.

அந்தக் கட்சியை "மாமன் மருமகன் கட்சி" என்று நாடே சொல்லித் திரிந்த காலம். தகப்பன் டி.எஸ். சேனநாயக்க, பிறகு மகன் டட்லி, பிறகு சொந்தக்காரர் கொத்தலாவல, எல்லாம் ஒரே பெரிய வீட்டு ஆட்கள். ஜே.ஆரும் அந்த வட்டத்து மனிதர்தான். ஆனால் தனக்கு அடுத்த இடத்தில் யாரை வைத்தார் என்று பாருங்கள்: கொழும்பின் நெருக்கமான வாழைத்தோட்டத்தில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்து, மாநகரசபை வழியாக மேலே வந்த பிரேமதாசவை. அந்த ஒரு தெரிவு ஆயிரம் கூட்டத்துக்குச் சமம் என்று நினைக்கிறேன். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு உள்ளே ஒரு கதிரை இருக்கிறது என்று அது காட்டியது. அப்புறம் கிளைகளும் இளைஞர் முன்னணிகளும் தொகுதி தொகுதியாகக் கட்டப்பட்டன. தொழிற்சங்கம் என்றால் இடதுசாரிகளின் சொத்து என்றிருந்த இடத்தில், சிறில் மத்தியூவின் தலைமையில் ஜாதிக சேவக சங்கமய வளர்ந்தது. வேட்பாளர் பட்டியலில் லலித் அத்துலத்முதலி, ரணில் விக்கிரமசிங்க போன்ற புதிய பெயர்கள் வந்தன. விளம்பரத்துறையை அறிந்த ஆனந்ததிஸ்ஸ டி அல்விஸ் பிரசாரத்தில் முக்கிய ஆளாக இருந்தார்.

இன்னொன்றும் செய்தார். 1970 இல் தெரிவான பாராளுமன்றம் 1975 இல் முடிந்திருக்க வேண்டும். 1972 குடியரசு யாப்பைக் காட்டி இரண்டு வருடத்தை அரசு கூட்டிக்கொண்டது. அதை எதிர்த்து ஜே.ஆர். தன் கொழும்பு தெற்கு ஆசனத்தை விட்டு விலகி, 1975 இல் இடைத்தேர்தலில் நின்று திரும்ப வென்றார். எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வா 1972 இல் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்ததும், அரசு இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடித்துப் பிறகு 1975 பெப்ரவரியில் வைத்த இடைத்தேர்தலில் அவர் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்றதும் அதே காலந்தான். ஆசனத்தைத் துறந்து சனத்திடம் திரும்பப் போவதற்கு ஒரு பலம் இருக்கிறது. பதவியைப் பிடித்துக்கொண்டிருப்பவன் என்ற பெயர் போய்விடும்.

கியூவும் வெங்காயமும்

ஆனால் எந்த வியூகமும் வயிற்றைத் தாண்டிப் போகாது. 1973 எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிறகு தெற்கில் பாணுக்குக் கியூ, சீனிக்குக் கியூ, துணிக்குக் கியூ. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோனால் வழியில் மறித்துப் பறித்தார்கள். மரவள்ளிக்கிழங்கு சாப்பாடானது. அந்த நேரத்தில் ஜே.ஆர். கொடுத்த வாக்குறுதி, ஆளுக்கு வாரம் எட்டு இறாத்தல் தானியம். இதைச் சொன்ன மனிதர் யார் என்பதுதான் முக்கியம். 1953 இல் நிதியமைச்சராக இருந்து கூப்பன் அரிசியை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியவர் அவர்தான். அதனால் வந்த ஹர்த்தாலில் டட்லி பிரதமர் பதவியையே விட்டார். 24 வருடம் கழித்து அதே மனிதர் அரிசியின் மொழியைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

இங்கே கொஞ்சம் நின்று எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெற்கில் எழுதுகிறவர்கள் 1970களைப் பட்டினிக் காலம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதே ஏழு வருடத்தில் யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணில் காசு விளைந்தது. வெளிநாட்டிலிருந்து செத்தல் மிளகாயும் வெங்காயமும் வருவது நின்றுபோனதால், எங்கள் தோட்டக்காரர் கேட்ட விலைக்குக் கொழும்பு நாலாம் குறுக்குத் தெரு வாங்கியது. உரும்பிராயில் தோட்டம் செய்த எங்கள் அம்மப்பா துலாவை விட்டுவிட்டு மிசின் பூட்டினதும், மண் சுவரை இடித்துக் கல்வீடு எழுப்பினதும் அந்தக் காசில்தான். மாலுக்குள் வெங்காயம் கட்டித் தூக்கியிருக்கும், சுன்னாகத்திலிருந்து லொறி வரும், ராத்திரியோடு ராத்திரியாக ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் படுப்பார்கள் என்று அம்மா இப்பவும் சொல்லுவா.

அதே அம்மப்பாவின் மூத்த மகன், என் பெரிய மாமா, பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடிய புள்ளி கேட்ட தரப்படுத்தலால் பல்கலைக்கழகம் போகவில்லை. 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்த தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் சனம் செத்தபோது மாமாவும் அந்தக் கூட்டத்துக்குள் நின்றவர். ஒரே வீட்டுக்குள் வெங்காயம் சிறிமாவோவுக்கு நன்றி சொன்னது, படித்த பிள்ளையின் வயிறு எரிந்தது. 1977 இல் வட மாகாணத்தின் 14 ஆசனத்தையும் விடுதலைக் கூட்டணி வென்றதற்கு, தனி நாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானத்தோடு சேர்த்து அந்த எரிச்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இறக்குமதியைத் திறந்துவிட்டால் யார் விழுவார்கள் என்று ஐ.தே.க.வுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. விழப்போகிறவன் தனக்கு வாக்குப் போடுகிறவன் இல்லை என்பதும் தெரியும்.

தமிழருக்காக எழுதிய பக்கம்

1957 இல் தமிழருக்கு ஓரளவு அதிகாரம் கொடுக்கப் பிரதமர் பண்டாரநாயக்க செய்த பண்டா செல்வா ஒப்பந்தத்துக்கு எதிராகக் கண்டிக்கு நடைபயணம் போன ஜே.ஆரை எங்கள் ஆட்கள் மறக்கவில்லை. இம்புல்கொடவில் மறித்துத் திருப்பினார்கள் என்றாலும், இனத்தைக் கிளறி வாக்கு எடுக்கலாம் என்று அந்தக் கட்சி காட்டிக்கொடுத்த பாதை அது. 1956 இல் கட்சி, சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற தனிச் சிங்களத்துக்கு மாறியும் வெறும் 8 ஆசனம்தான் எடுத்தது. இனவாதத்தில் போட்டி போட்டால் அதைவிடச் சத்தமாகக் கத்துகிறவன் வெல்லுவான் என்று அந்த எட்டு ஆசனம் சொன்ன பாடத்தை அவர்கள் அடுத்த வருடமே மறந்துவிட்டார்கள்.

1977 விஞ்ஞாபனத்தில் வேறு ஜே.ஆரைப் பார்க்கலாம். தமிழ் பேசும் மக்களுக்குப் பிரச்சினை இருக்கிறது என்று அதில் வெளிப்படையாக எழுதப்பட்டது. கல்வி, குடியேற்றம், தமிழ் மொழிப் பாவனை, அரச வேலைவாய்ப்பு என்று நான்கு துறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சர்வகட்சி மாநாடு கூட்டித் தீர்ப்போம் என்றார்கள். கொழும்பிலும் மற்ற இடங்களிலும் இருந்த தமிழ் வாக்கில் பெரும்பகுதி ஐ.தே.க.வின் யானைச் சின்னத்துக்குப் போனது. ஆட்சியில் இருந்தவர்களின் மேல் இருந்த கோபத்தோடு அந்த ஒரு பக்கமும் சேர்ந்துதான் வேலை செய்தது.

எதிர்ப்பக்கத்தில் கூட்டு ஏற்கனவே உடைந்திருந்தது. சமசமாஜக் கட்சி 1975 இல் வெளியே, கம்யூனிஸ்ட் கட்சி 1977 தொடக்கத்தில் வெளியே. 1970 இல் ஐ.தே.க.வை விழுத்தின கணக்கு இப்போது தலைகீழ். 1977 யூலை 21 இல் ஐ.தே.க.வுக்கு சுமார் 51 வீதம், 168 இல் 140 ஆசனம். சுதந்திரக் கட்சிக்கு முப்பது வீதத்துக்குக் கிட்ட வாக்கு இருந்தும் 8 ஆசனம். இடதுசாரிகளுக்கு ஒன்றுமே இல்லை. 18 ஆசனத்தோடு விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். ஏழு வருடத்தில் கூடியது பதின்மூன்று வீதம், ஆசனம் எட்டு மடங்கு. அமைப்பு, முகம், அரிசி, எதிரியின் பிளவு, நாலும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் இப்படி நடக்கும்.

வென்ற பிறகு

ஒரு மாதம் போகவில்லை, 1977 ஓகஸ்டில் தமிழர் மேல் வன்முறை. விஞ்ஞாபனத்தில் எழுதின சர்வகட்சி மாநாடு கூடியது 1984 சனவரியில், கறுப்பு யூலையில் எல்லாம் எரிந்து முடிந்த பிறகு. ஆறரை வருடம். 1977 கடைசியிலோ 1978 இலோ அந்த மாநாட்டைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன். 140 ஆசனத்தோடு, எதிர்க்கட்சித் தலைவர் கதிரையில் ஒரு தமிழரோடு, அப்படி ஒரு வாய்ப்பு அதற்குப் பிறகு இந்தத் தீவுக்கு வரவேயில்லை.

எட்டு இறாத்தல் தானியமும் வரவில்லை. 1978 இல் கூப்பன் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்றானது, 1979 இல் உணவு முத்திரையாக மாறியது. தேர்தலுக்குக் கட்டின தொழிற்சங்கம் 1980 யூலை வேலைநிறுத்தத்தை உடைக்கிற கையானது, அதன் தலைவர் அமைச்சராகி, தமிழருக்கு எதிரான வெறுப்பை எழுதிப் பரப்புகிறவரானார். பாராளுமன்ற ஆயுளைக் கூட்டியதற்காக ஆசனத்தைத் துறந்த அதே ஜே.ஆர்., 1982 டிசம்பரில் ஒரு சர்வசன வாக்கெடுப்பு வைத்துத் தன் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டிக்கொண்டார்.

எங்கள் தோட்டங்களுக்கு வந்தது இறக்குமதி வெங்காயமும் மிளகாயும். அம்மப்பா கடைசிவரை மேல்மாடி கட்டவில்லை, அதற்கென்று அடுக்கி வைத்த கல் வேலியோரம் பாசி பிடித்துக் கிடந்தது. 1982 ஒக்டோபர் சனாதிபதித் தேர்தலில் நாடு முழுக்க 53 வீதத்துக்குக் கிட்ட எடுத்த ஜே.ஆர்., யாழ்ப்பாண மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் எடுத்து மூன்றாவதாக வந்தார். முதலாவது குமார் பொன்னம்பலம். இரண்டாவது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தவர், சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ. தரப்படுத்தலைக் கொண்டுவந்த கட்சியின் வேட்பாளருக்கு யாழ்ப்பாணத்தில் அவ்வளவு வாக்கு! எங்கள் அம்மப்பாவின் வாக்கும் அதற்குள் இருக்கிறது. கூட்டணி அந்தத் தேர்தலில் வேட்பாளரை நிறுத்தவில்லை, தோட்டக்காரன் தன்பாட்டில் முடிவெடுத்தான்.

இப்போது எங்கள் கதை

2024 இல் தேசிய மக்கள் சக்தி இந்த மாவட்டத்தில் எடுத்தது நான்கில் ஒரு பங்கு வாக்கு. தமிழரசும் காங்கிரசும் எடுத்ததைக் கூட்டினால் அதைவிடக் கூட. கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் என்ற விதியும் இருக்கும்போது தனித்தனியாக நிற்பது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. 1970 இல் ஐ.தே.க. ஒன்றாக நின்று எதிரியின் கூட்டிடம் தோற்றது, நாங்கள் கூட்டே இல்லாமல் தோற்றோம். அந்த வருடம் சனவரியில் தமிழரசுக் கட்சி வாக்கெடுத்துத் தலைவரைத் தெரிந்தது, உடனே அது நீதிமன்றத்துக்குப் போனது. செப்டெம்பர் சனாதிபதித் தேர்தலில் கட்சி ஒருவரை ஆதரிக்க, தெரிவான தலைவர் தமிழ்ப் பொது வேட்பாளரை ஆதரித்தார். நவம்பரில் சனம் வேறு பக்கம் பார்த்ததில் என்ன ஆச்சரியம்?

2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசு இங்கே திரும்ப முதலாவதாக வந்தது உண்மை. அதைக் காட்டி "பாத்தியோ, சனம் திரும்பிட்டுது" என்று ஐயா சந்தோசப்பட்டார். எனக்கு அந்தச் சந்தோசம் பாதிதான். பிரதேச சபைக்குச் சனம் முகம் தெரிந்த ஆளுக்குப் போடும். வாசல் மாறவில்லை. பட்டியல் எழுதுகிற மேசையைச் சுற்றி இப்பவும் அதே குடும்பங்கள், அதே பாடசாலையின் பழைய மாணவர்கள், அதே சாதி. பெண்கள் பெயரைக் கடைசி நாளில் ஒதுக்கீட்டுக்காகத் தேடிப் பிடிக்கிறார்கள். எங்கள் ஊரில் தேசிய மக்கள் சக்திக்கு நின்று வேலை செய்த பொடியங்கள் நாலைந்து பேரோடு கதைத்தேன். இன்ன கொள்கைக்காகப் போனேன் என்று ஒருத்தன்கூடச் சொல்லவில்லை. "அண்ணை, அங்கதான் எங்களை இருக்கச் சொன்னாங்கள்" என்றான் ஒருவன். கோயிலுக்கு விரதம் இருக்கிற, தகப்பனுக்குத் தோட்டத்தில் உதவுகிற பொடியன். எங்கள் பக்கத்தில் இருக்க வேண்டியவன்.

மொழியையும் காணியையும் விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அது எங்கள் அடி அத்திவாரம், ஜே.ஆரும் தன் அத்திவாரத்தைத் தொடவில்லை. ஆனால் அறுவடை நேரத்தில் இறக்குமதி வெங்காயம் வந்து விலை விழுகிறது என்று தோட்டக்காரன் வருடா வருடம் கத்துகிறான். சமஷ்டியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அவனுக்கு எத்தனை வரி எழுதினார்கள்? 2013 இல் வட மாகாண சபையில் 38 இல் 30 ஆசனத்தைச் சனம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் கையில் கொடுத்தது. அந்த ஐந்து வருடத்தை எப்படிப் பாவித்தோம் என்று கேட்டால் எங்கள் கட்சிக்காரரில் அநேகமானவர்கள் கொழும்பைப் பற்றிக் கதைக்கிறார்கள். கொழும்பின் பிழை பெரிதுதான். ஆனாலும் கேட்டது அதுவல்ல.

இதையெல்லாம் போன கிழமை ஐயாவிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பழைய கொப்பியை எடுத்துவந்தார். 2013 தேர்தலுக்கு ஒழுங்கை ஒழுங்கையாக, வீடு வீடாக, யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் கைப்பட எழுதினது. எத்தனை வருட உழைப்பு என்று பார்த்தவுடன் தெரியும். புரட்டிக்கொண்டு போனபோது, குளத்துக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பு அதில் இல்லை என்று கண்டேன். எழுபது, எண்பது வீடு வரும். "அந்தப் பக்கம் நாங்கள் போறதில்லை" என்றார், பிறகு கொஞ்சநேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். வருகிற ஞாயிறு விடிய இரண்டு சைக்கிளில் போகிறோம், முதலில் அங்கேதான்.